1860: வில்சனோட வருமான வரியா, ட்ரெவெல்யனோட செலவுக் குறைப்பா? கஜானா ஓட்டைய அடைக்க ரெண்டு வழி

ஜூலை 24 வந்தா வருமான வரித்துறை இன்கம் டாக்ஸ் டே கொண்டாடுவாங்க. நான் ரிட்டர்ன் ஃபைல் பண்ற தொழில்ல இருக்கேன், அந்த வாரம் எனக்கு சரியா தூக்கமே இருக்காது, வருஷம் பூரா கண்ணுல படாத கிளையன்ட் எல்லாம் அப்பதான் ஃபார்ம் பதினாறை மடிச்சு பையில வச்சுட்டு வந்து நிப்பாங்க. அந்த தேதி எங்கேர்ந்து வந்துச்சுன்னு ஒரு தடவை தேடப் போய், 1860 ஜூலை 24ல இந்தியாவுல முதல் வருமான வரி சட்டம் அமலுக்கு வந்துச்சுன்னு தெரிஞ்சுது. சரி இவ்வளவுதானான்னு பாத்தா அதுக்குப் பின்னாடி பெரிய சண்டையே நடந்திருக்கு. வரியைக் கொண்டு வந்தவர் வில்சன், சண்டை போட்டவர் நம்ம மெட்ராஸ் கவர்னர் ட்ரெவெல்யன். இந்த வரி வேண்டவே வேண்டாம்னு எழுதி, எழுதினதை பேப்பர்லயும் போட்டு, அதனாலயே பதவி போய் கப்பல் ஏறினாரு. ரெண்டு பேர் திட்டத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்கணும்னு ரொம்ப நாளா நினைச்சுட்டிருந்தேன், அதான் இது.

முதல்ல ஓட்டை எவ்வளவு பெருசுன்னு பாத்துடுவோம். 1857 கலகம் முடிஞ்சு 1858ல கம்பெனி கையிலேர்ந்து ஆட்சி நேரா பிரிட்டிஷ் ராணி கைக்குப் போகுது. புது சர்க்கார் கல்லாவைத் தொறந்து பாத்தா மூணு வருஷத்துல மொத்தம் சுமார் 3 கோடி பவுண்டு பற்றாக்குறை. அப்ப பத்து ரூபா ஒரு பவுண்டு, அதனால 30 கோடி ரூபான்னு வச்சுக்கலாம். கலகத்துக்கு முன்னாடி 6 கோடி பவுண்டு கிட்ட இருந்த கடன் 10 கோடியை நெருங்கிடுச்சு. அடுத்த வருஷத்துக்கே இன்னும் 65 லட்சம் பவுண்டு கிட்ட துண்டு விழும்னு கணக்கு. காசு எங்க போச்சுன்னா பட்டாளத்துக்கு. வெள்ளைக்கார சிப்பாய் எண்ணிக்கை கலகத்துக்கு முன்னாடி இருந்த மாதிரி ரெண்டு மடங்குக்கு மேல ஏறிடுச்சு, ராணுவச் செலவும் கிட்டத்தட்ட டபுள். கம்பெனியை மூடினதா சொன்னாலும் அதோட பங்குதாரர்களுக்கு வருஷா வருஷம் பத்தரை சதவீதம் டிவிடெண்ட் இந்தியக் கஜானாலேர்ந்துதான் போய்க்கிட்டிருந்துச்சு, 1874 வரைக்கும். கலகத்தை அடக்கின செலவு மொத்தமும் இந்தியா தலையிலதான் எழுதினாங்க. இது ரெண்டு பேர் திட்டத்துக்கும் அடியில கிடக்கிற விஷயம், பின்னாடி இதுக்கு வரேன்.

இப்ப ஆளுங்க. ஜேம்ஸ் வில்சன், ஸ்காட்லாந்துக்காரர், தொப்பி செய்யற தொழில்ல ஆரம்பிச்சவர், 1843ல எக்கனாமிஸ்ட் பத்திரிகையை தொடங்கினது இவர்தான், இன்னைக்கு ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட்னு நாம சொல்ற பேங்க்ல சார்ட்டர்ட் பாதியை ஆரம்பிச்சதும் இவர்தான். இந்தியாவுக்கு முதல் நிதி மெம்பரா (இப்ப நிதி மந்திரின்னு சொல்ற மாதிரி) அனுப்பினாங்க, 1859 நவம்பர் கடைசியில கல்கத்தா வந்து இறங்குறாரு, 1860 பிப்ரவரி 18ல பட்ஜெட் வச்சுட்டாரு. மூணே மாசம், அதுக்குள்ள இவ்வளவு பெரிய நாட்டுக்கு வரித் திட்டம்.

சார்லஸ் ட்ரெவெல்யன் வேற மாதிரி ஆளு. சின்ன வயசுலயே கம்பெனி உத்தியோகத்துக்கு இந்தியா வந்து பல வருஷம் இருந்தவர், மெக்காலேவோட மச்சான், அப்புறம் லண்டன் கஜானாவுல பெரிய அதிகாரி. அயர்லாந்து பஞ்ச நிவாரணத்துல காசைக் கையைப் பிடிச்சுப் பிடிச்சு செலவு பண்ணி கெட்ட பேர் வாங்கினவரும் இவர்தான். 1859 மார்ச்ல மெட்ராஸ் கவர்னரா வந்தாரு. சென்ட்ரல் பக்கம் பீப்பிள்ஸ் பார்க்னு ஒண்ணு இருந்துச்சுன்னு பழைய ஆளுங்க சொல்லுவாங்க, இப்ப நேரு ஸ்டேடியம், ரிப்பன் பில்டிங் எல்லாம் இருக்கிற சுத்துவட்டாரம், அது இவர் போட்டது. சௌகார்பேட்டை பக்கம் 'ட்ரெவெல்யன் பேசின்'னு (Basin) தெருப் பேர்ல இன்னும் இருக்காரு.

வில்சன் திட்டத்துல மூணு வரி இருந்துச்சு. ஒண்ணு வருமான வரி, அஞ்சு வருஷத்துக்கு மட்டும்னு சொல்லி. வருஷம் 200 ரூபாக்குக் கீழ வரி இல்ல, 200லேர்ந்து 500க்குள்ள ரெண்டு சதவீதம், 500லேர்ந்து மேல நாலு சதவீதம் (மூணு சர்க்காருக்கு, ஒண்ணு அந்தந்த ஊர் மராமத்து வேலைக்கு). ரெண்டாவது தொழில் லைசென்ஸ் வரி, கைத்தொழில்காரனுக்கு ஒரு ரூபா, கடைக்காரனுக்கு நாலு ரூபா, பெரிய வியாபாரிக்கு பத்து ரூபாங்கிற கணக்குல. மூணாவது புகையிலை வரி. இதோட சேத்து இறக்குமதி ஆடம்பர சாமானுக்கு இருந்த 20 சதவீத தீர்வையை 10க்கு இறக்கிட்டாரு, சர்க்காரே கரன்சி நோட்டு அடிக்கணும், எல்லா மாகாணமும் வருஷா வருஷம் பட்ஜெட் போட்டு கல்கத்தாவுக்குக் கணக்கு காட்டணும்னும் சொன்னாரு. இந்தக் கணக்கு முறையும் நோட்டும் பத்தி தனியாவே எழுதலாம், நல்ல காரியங்கள், 1861ல நோட்டுச் சட்டமும் வந்துடுச்சு, ஆனா சண்டை அதுல இல்ல, அதனால தாண்டிப் போறேன்.

ட்ரெவெல்யன் சொன்னது ஒரே வரியில சொல்லணும்னா, வரவை ஏத்தாதே, செலவைக் குறை. கலகம் அடங்கிடுச்சு, இவ்வளவு பட்டாளம் எதுக்கு, மெட்ராஸ் படை பெரும்பாலும் கலகத்துல சேரவே இல்ல, இங்க ஆளைக் குறைச்சா என்ன குடிமுழுகிடும், குறைச்சாலே ஓட்டை அடைஞ்சுடும், அதை விட்டுட்டு ஜனங்களுக்குப் பழக்கமே இல்லாத மூணு வரியை ஒரே நேரத்துல போட்டா இப்பதான் அடங்கின நெருப்பை நீங்களே ஊதி விடுறீங்க. 1860 மார்ச்ல இதை குறிப்பா எழுதினாரு, அவர் கவுன்சில் மெம்பருங்களும் எதிர்ப்பு எழுதினாங்க, அது பத்திரிகையிலயும் வந்துடுச்சு. ஒரு மாகாண கவர்னரே மேலிடத்து வரியை ஊரறிய எதிர்க்கிறாருன்னா எந்த சர்க்கார் பொறுக்கும், லண்டன்லேர்ந்து இந்தியா விவகார மந்திரி சார்லஸ் வுட் திரும்பி வான்னு உத்தரவு போட்டுட்டாரு, ஜூன்ல கிளம்பிட்டாரு.

சரி, இப்ப ஒப்பிட்டுப் பாப்போம். நான் முதல்ல கேக்கறது யாரு கட்டணும்னுதான், தொழில் புத்தி அது.

இந்த இடத்துல வில்சன் பக்கம் பெரிய நியாயம் இருக்கு, அதை மறைக்கக் கூடாது. அதுவரைக்கும் சர்க்கார் வருமானம் எங்கேர்ந்து வந்துச்சு? நிலத்துலேர்ந்து, உப்புலேர்ந்து, அபினிலேர்ந்து. நிலத்துக்கு குடியானவன் கட்டினான், உப்புக்கு கஞ்சி குடிக்கிற ஒவ்வொருத்தனும் கட்டினான். கல்கத்தா பெரிய வியாபாரி, வட்டிக் கடைக்காரர், வக்கீல், ஆயிரக்கணக்குல சம்பளம் வாங்கற வெள்ளைக்கார கலெக்டர், ஜட்ஜு, இவங்க கிட்டேர்ந்து நேரா பைசா கிடையாது. வங்காளத்துல இன்னும் மோசம், 1793ல நிரந்தர ஜமாபந்தி பண்ணி ஜமீன்தார் கட்ட வேண்டிய தொகையை ஒரே எண்ணுல நிறுத்திட்டாங்க, நிலத்து வருமானம் எத்தனை மடங்கு ஏறினாலும் சர்க்காருக்கு அதே தொகைதான். எங்க கிட்ட வாக்குக் குடுத்துட்டு இப்ப வருமான வரி கேக்கறது தப்புன்னு ஜமீன்தாருங்க வாதாடினாங்க, வில்சன் ஒத்துக்கல. அது நிலத்துக்கு உண்டான பாத்தியம், இது ஆளோட வருமானத்துக்கு உண்டான வரி, வெள்ளைக்காரன் கட்டும்போது நீயும் கட்டுன்னு சொல்லிட்டாரு. பட்ஜெட் பேச்சுல மனுதர்மத்தையே மேற்கோள் காட்டி இது உங்க பழைய வழக்கம்தான்னு கூட சொன்னாரு. மேற்கோள் எனக்கு உறைக்கல, ஆனா ஜமீன்தாருக்கு சொன்ன பதில் சரியான பதில்.

ஆனா அதே வரியை எடுத்துட்டு மெட்ராஸுக்கு வாங்க. இங்க பெரும்பகுதி ரயத்துவாரி. ஜமீன்தார் நடுவுல இல்லாம குடியானவனே நேரா சர்க்காருக்கு கிஸ்தி கட்டறான், அதுவும் கம்மியா இல்ல. அவன் மேல ஏற்கனவே பாரம் ஏத்தியாச்சு, வங்காளத்து ஜமீன்தாரைப் பிடிக்கறதுக்காகச் செஞ்ச வலையை இங்க வீசினா மாட்டறது வேற மீனுதான். சின்ன குடியானவனுக்கு சட்டத்துலயே விலக்கு வச்சிருந்தாங்க, அதனால அடி விழுந்தது நடுவுல இருக்கிறவனுக்கு. மாசம் 25 ரூபா சம்பளம் வாங்கற ஒரு கச்சேரி குமாஸ்தாவை நினைச்சுப் பாருங்க. வருஷத்துக்கு 300 ரூபா, ரெண்டு சதவீதம்னா 6 ரூபா, மாசத்துக்கு எட்டணா. பெரிய தொகை இல்லையேன்னு தோணும், ஆனா அவன் வீட்ல எட்டு பேர் சாப்பிடணும், அவன் ஏற்கனவே உப்புக்கும் கட்டறான், அரிசி விலையில கிஸ்தியையும் சேத்துத்தான் குடுக்கறான். இன்னொண்ணு, இந்த வரி இப்ப இருக்கிற மாதிரி ஸ்லாப் கணக்கு இல்ல. வருஷம் 490 ரூபா சம்பாதிச்சா பத்து ரூபாக்குக் கொஞ்சம் கம்மி, 500 ஆயிட்டா மொத்தத்துக்கும் நாலு சதவீதம், அதாவது 20 ரூபா. பத்து ரூபா சம்பளம் ஏறினா பத்து ரூபா வரியாவே போயிடும்! என் டேபிள்ல யாராவது இப்படி ஒரு வரியைக் கொண்டு வந்து வச்சா அடுத்த வருஷமே எல்லாரும் 490தான்னு எழுதிக் குடுப்பாங்கன்னு கண்ணை மூடிட்டு சொல்லுவேன்.

லைசென்ஸ் வரி இதை விட மோசம்னு நினைக்கிறேன். ஒரு ரூபாதானேன்னு கல்கத்தாவுல உக்காந்து சொல்லலாம். நெசவாளிக்கும் தச்சனுக்கும் தொழில் வரி இங்க புதுசு இல்ல, சோழர் கல்வெட்டுலயே தறி இறை இருக்கு, கம்பெனி காலத்துல மொத்தர்பான்னு தறிக்கும் கடைக்கும் வரி வாங்கிட்டிருந்தாங்க, ஜனங்க அதை எவ்வளவு வெறுத்தாங்கன்னு மெட்ராஸ் அதிகாரிகளுக்கு நல்லாத் தெரியும். தொகை சின்னது, ஆனா அதை வாங்க வர்ற ஆளு யாருன்னு பாக்கணும்ல.

இங்கதான் என் மனசு ட்ரெவெல்யன் பக்கம் சாயுது, இதைக் கொஞ்சம் விரிவாவே சொல்றேன். அஞ்சே வருஷம் முன்னாடி, 1855ல, மெட்ராஸ்ல சித்ரவதை கமிஷன்னு ஒண்ணு அறிக்கை குடுத்துச்சு. வரி பாக்கி வசூலிக்க கீழ்மட்ட ஆளுங்க ஜனங்களை என்ன பண்றாங்கன்னு விசாரிச்ச கமிஷன். அதுல ரெண்டு வார்த்தை தமிழ்லயே வருது, கிட்டி, அண்ணாந்தாள். கிட்டின்னா ரெண்டு மரக்கட்டை, எலுமிச்சம்பழம் பிழியற மாதிரி நடுவுல விரலை வச்சு அமுக்கறது. அண்ணாந்தாள்னா ஆளைக் குனிய வச்சு, கழுத்து மேலயும் கால் விரலுக்கு அடியிலயும் கயிறு போட்டு, இல்லன்னா அவன் வேட்டியாலயே கட்டி, அப்படியே வெயில்ல நிறுத்தறது. ஒரு ரூபா, ரெண்டு ரூபா பாக்கிக்கு. அந்தக் குறிப்பைப் படிச்ச அன்னிக்கு எனக்கு சாப்பாடு இறங்கல, நம்ம ஊர் பேச்சுல இருக்கிற வார்த்தை ஒரு சர்க்கார் அறிக்கையில இப்படி வந்து கிடக்குதேன்னு. நிலத்தை அளந்து இவ்வளவு கிஸ்தின்னு பேப்பர்ல எழுதி வச்சிருக்கிற வரிக்கே இந்தக் கதின்னா, உன் வருமானம் எவ்வளவுன்னு ஆளைப் பாத்து மதிப்புப் போடற வரியை அதே ஆளுங்க கையில குடுத்தா என்ன ஆகும்? எவன் வீட்ல எவ்வளவு இருக்குன்னு நோட்டம் பாக்கறதும், 200க்கு மேலன்னு எழுதவா கீழன்னு எழுதவான்னு பேரம் பேசறதும்தான் நடக்கும். வில்சன் லண்டன் வருமான வரியை மனசுல வச்சு திட்டம் போட்டாரு, அங்க அதுக்கு உண்டான ஆபீசும் ஆளும் இருந்துச்சு. இங்க கணக்குப்பிள்ளையும் தாசில்தார் சேவகனும்தான். வந்து மூணு மாசம் ஆன மனுஷனுக்கு இது தெரிய நியாயம் இல்ல, ஆனா தெரிஞ்சவங்களைக் கேட்டிருக்கலாம்.

கேக்கறதுன்னு வரும்போது இன்னொண்ணு. இந்த வரியைப் பாஸ் பண்ண கல்கத்தா கவுன்சில்ல ஒரு இந்தியர் கூட கிடையாது, மெட்ராஸுக்குன்னு ஒரு வெள்ளைக்கார அதிகாரிதான். கட்டப் போறவன் வாயைத் தொறக்க இடமே இல்லாத எடத்துல கவர்னர் எழுதினதாவது பேப்பர்ல வந்துச்சேன்னு நான் நினைக்கிறேன். ஒழுங்கு மீறினது உண்மை, வேலைய விட்டு எடுத்ததும் சர்க்கார் கண்ணுக்கு சரியா இருக்கலாம், ஆனா அன்னிக்கு இந்தியா பக்கம் இருந்து இந்த வரியைப் பத்தி வெளிப்படையா பேசின பெரிய குரல் அதுதான்.

இதுக்காக ட்ரெவெல்யன் திட்டம் முழுசா சரின்னு சொல்லிட முடியாது. செலவைக் குறைன்னு சொல்றது சுலபம், பட்டாளத்தைக் குறைக்கறது ஒரு நாள்ல ஆகற வேலையா? ஆளை அனுப்பணும், பென்ஷன் குடுக்கணும், மிச்சம் கைக்கு வர ஒண்ணு ரெண்டு வருஷம் ஆகும், அதுவரைக்கும் 65 லட்சம் பவுண்டு துண்டு விழுதே அதுக்கு மறுபடி கடன்தானே. அதோட அவர் திட்டத்துல பழைய வரி அப்படியே இருக்கும். அதாவது கிஸ்தி கட்டறவன் கட்டிட்டே இருப்பான், உப்புக்குக் கட்டறவ கட்டிட்டே இருப்பா, ஆயிரம் ரூபா சம்பளக்காரன் ஒண்ணும் கட்டாம இருப்பான். புது வரி ஜனங்களுக்குப் பிடிக்காதுங்கிறாரே, எந்த ஜனங்களுக்கு? பேப்பர்ல எழுதி, கூட்டம் போட்டு எதிர்க்கத் தெரிஞ்சவங்க பாதிப் பேர் இந்த வரியை நியாயமாவே கட்ட வேண்டியவங்க. உப்பு வாங்கறவன் கூட்டம் போட மாட்டான். 1861ல வில்சனுக்கு அடுத்து வந்த சாமுவேல் லெயிங் உப்பு வரியையும் ஏத்தினாரு, அதுக்கு இவ்வளவு சத்தம் வரல. எனக்கு இது ரொம்ப உறுத்தற இடம்.

ரெண்டு பேர் திட்டத்துக்கும் அடியில கிடக்கிற விஷயம்னு மேல சொன்னேனே, ரெண்டு பேரும் கேக்காத கேள்வி, அது இதுதான்: கலகத்தை அடக்கின செலவு ஏன் முழுக்க இந்தியா கணக்குல? ஆட்சி பிரிட்டனுக்குத்தான் கைமாறுச்சு, பட்டாளம் அங்கேர்ந்துதான் வந்துச்சு, கம்பெனி பங்குதாரரும் அங்கதான் இருக்காங்க. பாதியையாவது லண்டன் கஜானா ஏத்துக்கிட்டிருந்தா வருமான வரியும் வேண்டாம், அவசர அவசரமா ஆள்குறைப்பும் வேண்டாம். வில்சன் வரவுப் பக்கத்தைத் திருத்தினாரு, ட்ரெவெல்யன் செலவுப் பக்கத்தைத் திருத்தினாரு, பில்லே நம்மளுதான்னு ரெண்டு பேரும் எடுத்துக்கிட்டாங்க.

நடந்தது என்னன்னா, சட்டம் அமலுக்கு வந்து பதினெட்டே நாள்ல, ஆகஸ்ட் 11ல, வில்சன் கல்கத்தாவுல வயித்துக்கடுப்பு வந்து செத்துப் போனாரு, 55 வயசு. மழைக்காலத்துல மலைக்குப் போகாம உக்காந்து வேலை பாத்தவர். அதுக்கு ஒம்போது நாள் முன்னாடிதான், ட்ரெவெல்யன் இடத்துக்கு இலங்கையிலேர்ந்து கவர்னரா வந்த சர் ஹென்றி வார்டு மெட்ராஸ்ல காலரால போயிருந்தாரு. ஒரு வரிச் சண்டையில சம்பந்தப்பட்ட நாற்காலி ரெண்டும் ஒரே மாசத்துல காலி.

வரி வசூல் சுமார் 20 லட்சம் பவுண்டு வரைக்கும் வந்துச்சு. ஓட்டையோட ஒப்பிட்டா அது போதாது. கட்டினவங்கள்ல பெரும்பாலானவங்க அந்த 200லேர்ந்து 500 ரூபா ஆளுங்கதான், ஆனா வசூல்ல அவங்க பங்கு கொஞ்சம், தொந்தரவு மட்டும் ஏகப்பட்டது. 1862ல லெயிங் அவங்களை மொத்தமா விட்டுட்டாரு, 500க்குக் கீழ வரி இல்லன்னு ஆச்சு. புகையிலை வரி கைவிட்டாச்சு, லைசென்ஸ் வரி சட்டமாகியும் வசூலிக்கல. பற்றாக்குறை எப்படிப் போச்சுன்னா பெரும்பகுதி பட்டாளச் செலவைக் குறைச்சதுலதான், அதாவது ட்ரெவெல்யன் சொன்ன வழியில. அதோட அமெரிக்க உள்நாட்டுப் போரால பருத்தி விலை ஏறினதும் கை குடுத்துச்சு.

அப்ப என் தீர்ப்பு என்னன்னு கேட்டா, வரிசைதான் முக்கியம்னு சொல்லுவேன். முதல்ல ட்ரெவெல்யன் சொன்ன குறைப்பு. அது கைக்கு வர்ற வரைக்கும் ரெண்டு மூணு வருஷத்துக்கு வில்சனோட வரி, ஆனா 500 ரூபாக்கு மேல மட்டும், லைசென்ஸும் புகையிலையும் இல்லாம. வரி நின்னு நிலைச்சா அந்தக் காசுல உப்பு வரியைக் குறைக்கணும். 1862க்குள்ள கிட்டத்தட்ட இதுல பாதி நடந்துடுச்சு, உப்பு மட்டும் நடக்கல.

வால்டாக்ஸ் ரோடு வழியா பார்சல் ஆபீசுக்குப் போகும்போதெல்லாம் எனக்கு இந்தக் கதை ஞாபகம் வரும். ஹைதர் அலி பயத்துல கறுப்பர் பட்டணத்தைச் சுத்தி சுவர் கட்டி, அந்தச் செலவை ஊர்க்காரங்க கிட்ட வரியா வாங்கப் பாத்தாங்க, சட்டப்படி செல்லுமான்னு சந்தேகம் வந்து வாங்கவே இல்லன்னு சொல்லுவாங்க. வாங்காத வரிக்குப் பேர் நிக்குது. அங்கேர்ந்து கொஞ்ச தூரத்துல ட்ரெவெல்யன் பேர்.

அவர் கதையும் மெட்ராஸோட முடியல. 1863ல அதே கல்கத்தாவுக்கு, வில்சன் உக்காந்த அதே நிதி மெம்பர் நாற்காலிக்குத் திரும்பி வந்தாரு. நாலு சதவீதத்தை மூணாக்கினாரு, 1865ல அஞ்சு வருஷக் கெடு முடிஞ்சதும் வரியை நீட்டிக்காம விட்டுட்டாரு, அதுக்குப் பதிலா ஏற்றுமதித் தீர்வை போடப் பாத்தா லண்டன் ஒத்துக்கல. ஆனா வருமான வரி தப்புன்னு கிழிச்சுப் போடல, அவசரம்னா எடுத்துக்கற மாதிரி சாமான் குறையாம பரண்ல வைக்கணும்னுதான் சொன்னாரு. 1869ல வைஸ்ராய் மேயோ காலத்துல அதை பரண்லேர்ந்து இறக்கினாங்க, 1873ல மறுபடி பரண்ல ஏத்தினாங்க, 1886ல நிரந்தரமாவே கீழ இறக்கிட்டாங்க. அந்த 1886 சட்டத்துல விவசாய வருமானத்துக்கு வரி கிடையாது, வருஷம் 500 ரூபாக்குக் கீழ இருந்தாலும் கிடையாது.